கைவண்டி வருவதற்குள்

அர்ச்சுனனைப் பற்றிக் கம்பைநல்லூரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். நல்ல வீடியோக்காரன் என்பார்கள், வாய் பேசாதவன் என்பார்கள், காரியக் கிறுக்கன் என்பார்கள். எல்லாம் சரிதான். நான் சொல்லப்போவது எண்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பற்றி. அன்றைக்கு அவனை என் டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் உட்காரவைத்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். வழியில் இறக்கிவிட்டு நாலு அறை கொடுக்கலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். அறையவில்லை. அறைந்திருந்தால் இன்றைக்கு வெட்கப்பட்டிருப்பேன்.

என் பெயர் முனாப். கடைவீதியில் டிவியும், வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்கு விடுகிற கடை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், அது ஊருக்கே தெரியும். கடையின் பின்பக்க அறையை அர்ச்சுனனுக்கு விட்டிருந்தேன். தர்மபுரியில் கேமராவை வாடகைக்கு எடுத்துவந்து கல்யாணம், காதுகுத்து எல்லாம் பிடிப்பான். பிறகு அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, புதுக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பான். வயது இருபத்தாறு. சின்னப் பிள்ளையில் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பன் ஆத்தாளோடு சாக்கடை ஓரத்துத் தகரக் கொட்டகையில் வளர்ந்தவன். ஆத்தா அங்கேயே செத்துப்போனாள் என்று ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவனிடம் ஒரு ஜப்பான் படக் கேசட் இருந்தது. எங்கள் ஊர் பாங்கில் மலையாளத்து மானேஜர் ஒருவர் இருந்தார், சினிமாப் பைத்தியம். சிங்கப்பூரில் இருக்கிற தம்பி அவருக்கு அனுப்பிய அசல் கேசட் அது. இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டுத் தியேட்டரில் ஓடிய படமாம், இப்போதுதான் வீட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி கேசட்டாகப் போட்டு விற்கிறார்களாம். மாற்றலாகிப் போகும்போது, "இந்த ஊர்ல இத நீ மட்டுந்தான் பாப்ப, வெச்சுக்கோ" என்று அர்ச்சுனனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. ஜப்பான் என்றால் கராத்தே என்று நினைத்து ஒருவர் என்னிடம் வாடகைக்கு வாங்கிப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, "என்னா பாய், ஒரு குத்து கூட இல்ல, எல்லாரும் மழையில நனையறானுங்க" என்று சண்டைக்கு வந்தார்.

அப்படித்தான் படம். குப்பைமேட்டை ஒட்டிய கால்வாய்க் கரையில் தகரக் கொட்டகைகள். குடை ரிப்பேர் செய்கிற கிழவன். ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற பொம்பளை. குடிப்பதற்காகத் தன் வீட்டுக் கதவைக் கழற்றி விற்றுவிட்டு, மறுநாள் கெஞ்சித் திரும்ப வாங்குகிற ஒருத்தன். மழை வந்தால் ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பார்கள். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும், அர்ச்சுனனுக்கு அது படிக்க வராது. அவனுக்குத் தேவையும் இல்லை. அந்த ஜனங்களுக்கெல்லாம் அவனே பெயர் வைத்திருந்தான். வேலை இல்லாத நாளில் அறைக்குள் அந்தப் படம்தான் ஓடும். அதிலும் ஓர் இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்பான். துவைக்கிற பொம்பளை செத்துப்போகிறாள். பாடை கட்ட வழியில்லை. சாக்கில் சுற்றி ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மழை கொட்டுகிறது. குடைக்காரன் பிணத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். எல்லாம் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும், ஒரு முகம் தெரியாது. நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறான் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டரை. கடையில் இருந்த டெக்குகளில் ஒன்றும் ஒரு டிவியும் காலையிலேயே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாடகைக்குப் போயிருந்தன. கூடவே ஆபரேட்டராக என் மச்சினன் நூர் பாஷா போயிருந்தான். எனக்குப் பொழுது போகவில்லை.

"அர்ச்சுனா, அந்த ஜப்பான் படத்தப் போடு. இன்னிக்காவது முழுசாப் பாக்கறேன்" என்றேன்.

"அது இல்ல பாய்."

"இல்லன்னா?"

"தீர்த்தகிரி கல்யாணத்த அதுமேலதான் ஏத்திக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசல் கேசட்டில் யாரும் எதையும் ஏற்றிவிடக் கூடாது என்று ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அதன்மேல் செலோ டேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும், ஏற்றலாம். பழைய சினிமாக் கேசட்டில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் கல்யாணத்தை யாரும் பழைய கேசட்டில் ஏற்றமாட்டார்கள். புதுத் துணி, புதுப் பாய், புதுக் கேசட். அதற்கென்றுதான் காசு வாங்குகிறோம். வெளியே தெரிந்தால் அப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன் கூப்பிடமாட்டான்.

"வாங்கி வெச்ச புதுசு டெக்குல சிக்கிக் கந்தலாயிடுச்சு பாய். வெள்ளிக்கெழம சாயந்தரம். சனிக்கெழம காலைல வந்து நிப்பாங்க. தர்மபுரி போயி வாங்கியார நேரமில்ல. கையில இருந்தது அது ஒண்ணுதான்."

"நாசமாப் போ. சரி, கல்யாணம் எத்தன நேரம் ஓடும்?"

"ரெண்டு மணி நாலு நிமிசம்."

"படம்?"

"ரெண்டு மணி நாப்பது."

"மிச்சத்த அழிச்சிட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். "கரண்டு போயிடுச்சு பாய்" என்றான்.

"ரெண்டு மணி நாலு நிமிசத்துக்கு அப்புறம் என்னடா வருது?"

"கைவண்டி" என்றான்.

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தீர்த்தகிரி பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன். அவன் கட்டியது எங்கள் பக்கத்துப் பெண், ராஜாமணி. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் மகள். கல்யாணம் முடிந்து பதிமூன்றாம் நாள் தீர்த்தகிரியின் அப்பா ஆண்டி, புளி உலுக்க மரம் ஏறியவர், கிளை முறிந்து விழுந்தார். சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கள்கிழமை இடுப்பில் ஆபரேஷன். தீர்த்தகிரி அங்கே அப்பாவோடு இருக்கிறான். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். கேசட் வாங்க வந்த உறவுக்காரர் எங்களிடமே சொன்னார். "அந்தப் புள்ள காலடி வெச்ச நேரம்னு மாதம்மா சொல்லிட்டே இருக்குது. ஆபரேசன் நல்லபடியா ஆச்சுன்னா சரி. இல்லன்னா பொட்டியோட கொண்டாந்து வுட்டுடுவாங்க."

அந்த மாமியார் மாதம்மாள்தான் அன்றைக்கு டெக் கேட்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் புருஷன் எழுந்து நடமாடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று. கல்யாணக் கேசட்டில் கடைசியாக வருவது அவர்தான். பந்தல் வாசலில் நின்று, போகிறவர்களை எல்லாம் கும்பிட்டு அனுப்புகிறார். அதோடு முடிகிறது. அடுத்த நொடி, சாக்கில் சுற்றிய பிணம், கைவண்டி.

"நூர் பாஷா கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திட மாட்டானா பாய்?" என்றான் அர்ச்சுனன்.

"அவனா? ப்ளேய அமுக்கிட்டுத் தூங்கறதுதான் அவன் தொழிலே" என்றேன். கடையைப் பூட்டக்கூட நேரமில்லை. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஷோ இரண்டு மணிக்கு ஆரம்பம். நாலு மணி நாலு நிமிஷத்துக்குள் போயாகவேண்டும்.

இரண்டு தடியன்களை ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டி என்ன பறக்கவா செய்யும்? மேடு வந்தால் முனகும். ஒவ்வொரு மேட்டுக்கும் அர்ச்சுனன் குதித்து இறங்கிக் கூடவே ஓடினான். மேட்டில் ஏறியதும் மறுபடி தாவி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா வந்திருக்கலாம். என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இப்ப பொண்ணழைப்பு பாய்."

"வாய மூடு."

அரூர் நெருங்கும்போது, "இப்ப தாலி கட்டறாங்க" என்றான். அவன் ஏற்றிய படம், நிமிஷக் கணக்கு மனப்பாடம். அங்கே அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பெண்ணும் ஓரமாக நின்று தன் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன். ஒரு பாவமும் அறியாத பெண். வாழ்க்கை போகப்போகிறது என்று தெரியாமல் நிற்கிறாள்.

அரூர் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் வண்டி இருமி நின்றது. பிளக்கில் கரி. கழற்றினால் சுடுகிறது. சட்டையைக் கழற்றிப் பிடித்துக் கழற்றினேன். சுரண்ட ஒன்றும் இல்லை. அர்ச்சுனன் தார் ரோட்டில் கிடந்த கருங்கல்லில் பிளக்கைத் தேய்த்தான். மணி மூன்று நாற்பது.

"உன்ன எவன்டா அந்தக் கேசட்ட எடுக்கச் சொன்னது? என் பீரோவுல பழைய சாமி படம் நாலு கெடக்குதே. அதுல ஏத்தியிருந்தா மிச்சத்துல சாமியாவது வந்திருக்கும்."

"அப்ப தோணல பாய்."

"என்னதான் தோணுச்சு?"

அவன் பிளக்கை ஊதினான். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன், அந்தப் பெண் மட்டும் நினைவில் இல்லாவிட்டால். பிளக்கை மாட்டி உதைத்தேன். ஆறாவது உதையில் பிடித்தது.

"இப்ப சாப்பாடு பாய். அப்புறம் சீர்வரிச. அப்புறம் அவங்கப்பா."

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது மணி நாலு. மண் ரோட்டில் திரும்பியபோது நாலு ஆறு. முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. வெளியே வேப்பமரத்தடியில் நூர் பாஷா பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், நீங்க எங்க இங்க?"

"கேசட் முடிஞ்சிடுச்சா?"

"நடுவுல பத்து நிமிசம் கரண்டு போச்சு. இப்பத்தான் சீர்வரிச ஓடுது."

அல்லாஹ், உனக்குக் கோடி நன்றி என்றேன். அர்ச்சுனன் அதற்குள் உள்ளே போய்விட்டான். நான் பின்னால் ஓடினேன்.

வெளிச்சம் வராமல் ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தார்கள். கூடம் முழுக்க ஆட்கள். ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லாம் பொம்பளைகளும் குழந்தைகளும். டிவிக்கு நேர் முன்னால், கையெட்டும் தூரத்தில், மாதம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அறைக்கதவை ஒட்டி, டீ டம்ளர் அடுக்கிய தட்டோடு ராஜாமணி நின்றாள். திரையில் ஆண்டி பந்தல் வாசலுக்கு வந்துவிட்டார்.

அர்ச்சுனன் குழந்தைகளைத் தாண்டித் தாண்டிப் போய் டெக்கை நோக்கிக் கையை நீட்டினான். மாதம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு."

"ஆத்தா, ஒரு நிமிசங்க. கேசட்டு சூடாயிடுச்சு, நிறுத்தணுங்க."

"எம் புருசன் இப்பத்தான் வராரு. நடக்கறாரு பாரு. நாளைக்கு அவரு எப்படி வருவாரோ. நா பாக்கணும். கைய எடுப்பா."

அவன் இன்னொரு கையை நீட்டினான். அவள் அதையும் பிடித்தாள். பிடித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். ஆண்டி சிரித்தார், இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார். மாதம்மாள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் கும்பிட்ட கை இறங்குவதற்குள் திரையில் வெள்ளைக் கோடு ஓடியது. நொறுநொறுவென்று ஒரு சத்தம். பிறகு மழை. கைவண்டி.

சாக்கில் சுற்றிய உடம்பு, வெளியே தொங்கும் கால், சேற்றில் சிக்கிக் குலுங்கும் சக்கரம். பின்னால் குடை. ஒரு முகம் தெரியவில்லை. யார் சாவும் அதில் பொருந்தும். மாதம்மாள் அர்ச்சுனனின் கையை விட்டாள். நான் பாய்ந்து ஸ்டாப்பை அமுக்கினேன். அமுக்கி என்ன, பார்க்கவேண்டியதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

முதலில் ஒரு கிழவி, "அய்யோ, ஆண்டிக்கா இது" என்று மார்பில் கைவைத்தாள். அப்புறம் கூடமே கலகலத்தது. மாதம்மாள் மெதுவாக எழுந்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"ராஜாமணி, உம் பொட்டிய எடுத்துட்டு வா" என்றாள்.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். மாமனார் விழுந்த நாளிலிருந்தே இதை அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பது அவள் நடந்த நடையிலேயே தெரிந்தது.

"அம்மா, அது வெளம்பரங்க" என்றேன். "வெளிநாட்டுக் கேசட்டுல கடைசில இப்படி ஏதாச்சும் வரும்."

"பொணத்த வெச்சு எதுக்குய்யா வெளம்பரம்? நா படிக்காதவ, பைத்தியக்காரி இல்ல. நாளைக்கு அவர மேசமேல படுக்க வெக்கறாங்க. இன்னிக்கு எங்கூட்டுத் திரையில அவரு கும்புட்ட கையோட பொணம் போவுது. எல்லாம் இவ வந்த வேள. கெளம்பச் சொல்லுங்க."

நான் அர்ச்சுனனைப் பார்த்தேன். பேசாதே என்று கண்ணைக் காட்டினேன். டெக் கோளாறு, நூர் பாஷா கோளாறு, எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். கேசட் விஷயத்தை மட்டும் சொன்னால் அவன் பிழைப்பு அன்றோடு போயிற்று. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"அது எங்கம்மாங்க" என்றான்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த வண்டில போறது எங்கம்மா. பெங்களூர்ல. எனக்குப் பதினொரு வயசு. இப்படித்தான் மழ. செங்கல் தள்ற வண்டி. சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. நா பின்னாலயே போனேன். அது உங்க வூட்டுச் சாவு இல்லீங்க. எங்கூட்டுச் சாவு. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாலயே ஆயிப்போன சாவு."

ஜப்பான் படமாவது, மானேஜராவது. அவன் பொய் சொல்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பொய் இல்லை.

"அத யாரு புடிச்சது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியலீங்க. எவரோ புடிச்சு வெச்சிருக்காரு. எங்கிட்ட வந்து சேந்துச்சு." அவன் மாதம்மாள் பக்கம் திரும்பினான். "புதுக் கேசட்டுக்குத்தான் காசு வாங்குனேன். அது கிழிஞ்சு போச்சு. இதுமேல ஏத்தினேன். கரண்டு போனதால அழிக்காம வுட்டேன்னு பாய்கிட்டச் சொன்னேன், அது பொய்யி. கரண்டு போவல. அந்த வண்டி வர்றதுக்கு முன்னால முடியணும்னு உங்க விருந்தக்கூட வெட்டிச் சுருக்கினேன். அழிக்க மனசு வரலீங்க. வேற ஒண்ணுல எடுத்து வெச்சுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. தப்பு எம்மேல. அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல."

"உங்காத்தா சாவு மேலயாடா எம்மவன் தாலி கட்டுனான்?"

எங்கே போய் முட்டுகிறது பாருங்கள். உண்மையைச் சொன்னால் காரியம் ஆகும் என்பார்கள், இங்கே குழி இன்னும் ஆழமாகிவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "வீடியோக்காரனக் கட்டி வைங்கடி" என்றார்கள். மாதம்மாள் கையை உயர்த்தினாள். வாய்கள் மூடின.

"அழி. எங்கண்ணு முன்னால அழி."

"அழிக்கறேங்க."

"அவரு மூஞ்சி போச்சுன்னா உன்ன வுடமாட்டேன்."

அதுதான் பயம். ப்ளேயையும் ரெக்கார்டையும் சேர்த்து அமுக்கினால் அந்த இடத்திலிருந்து எல்லாம் கருப்பாகும். ஒரு நொடி முன்னால் அமுக்கினால் ஆண்டியின் கும்பிட்ட கை போய்விடும். போனது போனதுதான், வேறு காப்பி கிடையாது. ஒரு நொடி பின்னால் அமுக்கினால் பிணம் மிச்சமிருக்கும். அர்ச்சுனன் பின்னுக்கு ஓட்டினான். ஆண்டி மறுபடி வந்தார், சிரித்தார், கையைச் சேர்த்தார். அர்ச்சுனன் இரண்டு பட்டன் மேலும் விரலை வைத்துக்கொண்டான். மாதம்மாள் நகர்ந்து வந்தாள். அவள் அவன் தோளில் கையை வைத்தாள், மிரட்டவா தாங்கவா என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளைக் கோடு வந்தது. அமுக்கினான்.

திரை கருப்பானது.

"எத்தன நேரம்?" என்றாள்.

"முப்பத்தஞ்சு நிமிசங்க. கேசட்ல படம் இருக்கிற வரைக்கும்."

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றுமே இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். டெக் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. குடைக்காரன், கதவு விற்கிறவன், ஒழுகுகிற கூரை எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே அழிந்துகொண்டிருந்தார்கள். அது அந்த ஊரில் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். ராஜாமணி பெட்டியின் பக்கத்தில், வாசற்படியிலேயே நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாதம்மாள் கேட்டாள். "உங்காத்தா பேரென்ன?"

"குள்ளம்மாங்க."

"எந்தூரு?"

"கம்பைநல்லூர் பக்கந்தாங்க. பெங்களூர்ல செத்துச்சு."

"கொள்ளி நீ வெச்சியா?"

"சுடுகாட்டு வாசல்லயே நிக்கச் சொல்லிட்டாங்க. சின்னப் பையன்னு."

"தலைக்குத் தண்ணி ஊத்துனாங்களா?"

"இல்லீங்க. அப்படியே ஒரு லாரில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க."

"கருமாதி? படையல்?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மாதம்மாள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. வாசலில் அந்தப் பெண் கால் மாற்றி நின்றாள். நான் மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன்.

அர்ச்சுனன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து டெக்கை நிறுத்தினான். பின்னுக்கு ஓட்டிப் போட்டுக் காட்டினான். ஆண்டி வந்தார், கும்பிட்டார், கை இறங்கியது. அவ்வளவுதான், கருப்பு. மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொறகால கெணறு இருக்குது. போயி தலைக்கு ஊத்திட்டு வா" என்று அர்ச்சுனனிடம் சொன்னாள். அவன் விழித்தான். "சொல்றேனில்ல, போ. பதினஞ்சு வருசமாக் குளிக்காத தீட்டு. தெரியாமயோ தெரிஞ்சோ அவள எங்கூட்டுக்குக் கூட்டியாந்துட்ட. வந்தவள வெறும் வயித்தோட அனுப்பினா அதுதான் பாவம். அவளுக்கு ஒரு எல போட்டுத்தான் அனுப்பணும்."

பிறகு வாசலைப் பார்த்தாள்.

"ராஜாமணி, எல அறுத்துட்டு வா. ஒல வெய்யி. வெளிய இருந்து வந்த உசுருக்கு வூட்டு மருமவ கையாலதான் படைக்கணும்."

முன்பு மார்பில் கைவைத்த அதே கிழவி மெல்லக் கேட்டாள். "அப்ப இவள அனுப்பலையா மாதம்மா?"

"எல போடறவள எங்கடி அனுப்பறது?" என்றாள் மாதம்மாள்.

ராஜாமணி பெட்டியைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனாள். இலையோடு திரும்பி வரும்போது அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. அரிசி வெந்தது. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். கூடத்தில் டிவியை நகர்த்திவிட்டு, வடக்குப் பார்த்து ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோறு வைத்தாள். மாதம்மாள் அர்ச்சுனனுக்கு ஆண்டியின் துண்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். ஈரத் தலையோடு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்தான். கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டான். பிறகு தரையில் நெற்றி பட விழுந்து, ஐம்பது பேர் முன்னால், வெட்கமில்லாமல், பதினொரு வயதுப் பையன் அழுவதுபோல் அழுதான். ராஜாமணி அவன் பக்கத்தில் குந்தி, "எந்திரிங்கண்ணா, சோறு ஆறுது" என்றாள்.